பூனைப் படத்தின் மேல் ஒரு கீறல்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மேனேஜர் என்று பெயர். தானாக ஒரு வேலையும் செய்யாது. வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்கும். போன வருடம் அதன் உடம்பில் தெள்ளுப்பூச்சி ஏறியது. கொஞ்சநஞ்சம் இல்லை. மேனேஜர் சோபாவின் இந்தக் கோடியில் படுத்துத் தூங்கும். எழுந்திருக்கும்போது அந்தக் கோடியில் இருக்கும். நடுவில் அது கண்ணையே திறக்காது. பூச்சிகள்தான் தூக்கிக்கொண்டு போகும். நான் மட்டும் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போடாமல் வந்து பார்த்ததால் அவள் இன்றுவரை சாட்சி சொல்ல மறுக்கிறாள்.

பூச்சிகளுக்கு என் இடது கணுக்காலும் பிடித்துப்போனது. வலது காலை அவை தொடவில்லை. ஒருநாள் கால்களை மாற்றிப் போட்டு உட்கார்ந்து ஏமாற்றப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கூடிப் பேசிவிட்டுச் சரியான காலுக்கே வந்து சேர்ந்தன.

என் மனைவி ஒரு தையல் கடையில், வாங்கிய ரெடிமேட் துணிகளை ஆளுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். அந்தக் கடையின் வெட்டுத்துணிக் கூடைக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததுதான் மேனேஜர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு அன்றைக்குக் கடையில் நடந்த அத்தனையையும் அதனிடம் சொல்வாள். யார் இடுப்பளவைக் குறைத்துச் சொன்னார், யார் அதே கால்சட்டையை மறுபடி கொண்டுவந்தார், எல்லாம். அதுவும் மீசையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மேனேஜருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் அந்த மடியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கும். அந்தக் கதைகளை எல்லாம் நான் கேட்க வேண்டிவரும் என்பது தனிப் பயம்.

"புள்ளையப் பூச்சி தின்னுது," என்றாள் ஒருநாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே. "மிருக டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போங்கன்னு எத்தனை வாட்டி சொல்றது? சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"சும்மா இல்ல. சொறிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் கதவைச் சாத்திய சத்தமே பதிலாக இருந்தது. அது கேட்டு மச்சான் மாடியிலிருந்து இறங்கி வந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி.

"எதுக்கு அத்தான் அங்க போய் நாய்ங்களுக்கு நடுவுல வரிசையில உக்காந்துக்கிட்டு? நான் முந்தாநேத்தே சொல்லி வெச்சுட்டேன். மருந்து வீடு தேடி வருது."

"யார்கிட்ட சொன்ன?"

"கடைகிட்ட."

"எந்தக் கடை?"

"போன்ல இருக்கற கடை அத்தான்."

"அது எங்க இருக்கு?"

"போன்லதான்னு சொல்றேன்ல!"

"பூனைக்குன்னு சொன்னியா?"

"சொல்லவே வேணாம். படத்துலயே பூனையும் நாயும் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே மருந்துன்னு போட்டிருக்கான். நீங்க கால நீட்டிக்கிட்டு இருங்க."

நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். இடது காலை மட்டும்.

இங்கே எங்கள் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நானும் மச்சானும் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரே ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அச்சாகி வரும் பெட்டிகளில் குறை கண்டுபிடிப்பது எங்கள் வேலை. சம்பளமும் வாங்கிக்கொண்டு நாளெல்லாம் குறையும் சொல்கிற வேலை உலகத்தில் அதிகம் பேருக்குக் கிடைப்பதில்லை. பற்பசைப் பெட்டி, சோப்புப் பெட்டி, மாத்திரைப் பெட்டி என்று எங்கள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் வெளியே போனதில்லை. எங்கள் சோதனை மேசைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: படிக்காதே, பார். படிக்க ஆரம்பித்தால் கண் அர்த்தத்துக்குப் பின்னால் ஓடிவிடும். எழுத்தின் காலடியில் கிடக்கும் மைப்பொட்டு தப்பிவிடும். அதனால் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்போம்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால் தலைகீழாகப் பிடித்து, மை ஒரே சீராக விழுந்திருக்கிறது, மடிப்பு சுத்தம் என்று பாராட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். எந்தத் தேதி என்று பார்க்காமல் கல்யாணத்தைத் தவறவிட்ட அனுபவம் எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு. மச்சான் விஷயத்தில் அது அவனுடைய கல்யாணம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து வந்தது. காற்றுக்குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெட்டி எழுந்து நின்றது. எழுந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல மடிப்பு உள்ள பெட்டியைக் கையில் வைத்தால் அது தானாக முதுகை நிமிர்த்தும். கருநீல வண்ணம், அதன் மேல் வெள்ளி எழுத்து. என்ன மொழியோ, ஒரு எழுத்துகூட எங்களுக்குத் தெரியாது. சில எழுத்துகள் தொப்பி போட்டிருந்தன, சில எழுத்துகளுக்கு வால் இருந்தது. தெரியாத மொழி என்றால் எங்கள் வேலைக்கு இன்னும் வசதி. படித்துவிடுவோமோ என்ற பயம் இல்லை.

"அத்தான், ஓரத்தைத் தடவிப் பாருங்க. வெட்டு எப்படி இருக்கு! ரேசர் அத்தான்!"

"பசையைப் பாத்தியா? ஒரு துளி வெளிய வரலை."

"வெள்ளி விளிம்பு நீலத்தோட எப்படி உக்காந்திருக்கு பாருங்க. முடி நுழையாது."

"நம்ம ஆலையில இப்படி ஒண்ணு அடிச்சிருந்தா முதலாளி அழுதிருப்பாரு."

"நம்ம முதலாளி எதுக்கு அத்தான் அழலை?"

மச்சான் சட்டைப்பையிலிருந்து தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதை அவன் கீழே வைத்ததில்லை. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அங்குலம் அங்குலமாக மேய்ந்தான். மேனேஜர் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மேற்பார்வை செய்தது. நடுநடுவே பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டது.

"மாட்டிக்கிட்டான்!" என்று மச்சான் கத்தினான். "கீறல்!"

பெட்டியின் பக்கவாட்டில், கீழ் மூலையில், விரல்நக அளவில் இரண்டு சின்னப் படங்கள். ஒன்று நாய். அதற்குப் பக்கத்தில் பூனை. நாய் சுத்தமாக இருந்தது. பூனையின் மேல் மட்டும் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை சாய்வாக ஒரு கோடு.

"அச்சு பிளேட்டுல கீறல் விழுந்திருக்கு அத்தான். யாரோ கழுவும்போது மோதிரத்தோட தேய்ச்சிருக்கான். இவ்ளோ நல்ல பெட்டியில இப்படி ஒரு கீறலை விட்டுட்டாங்களே! அந்த மேசையில உக்காந்திருந்தவன் எந்த மடையன்?"

சொல்லிவிட்டு அவன் முகம் பூரித்துப் போனது. குறையே இல்லாத பெட்டி கிடைத்தால் எங்களுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

"சரி, பெட்டி கீறல்னா மருந்துக்கென்ன?" என்று உள்ளேயிருந்து ஒரு பளபளப்பான உறையைக் கிழித்து, மருந்து இருந்த சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்தான். "கழுத்துக்குப் பின்னாடி முடியை விலக்கி ஊத்தணும், அவ்ளோதான். போன்ல படம் போட்டுக் காட்டியிருக்கான். நீங்க மேனேஜரைப் பிடிங்க."

"நீயே பிடி. எனக்கு இந்தக் கீறலைப் பாக்கணும்."

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு கீறலைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் சாப்பாடு இறங்காது. பிளேட்டில் விழுந்த கீறல் என்றால் எல்லாப் பெட்டியிலும் அதே இடத்தில் இருக்கும். அச்சாகி வெளியே வந்த பிறகு உரசிய கீறல் என்றால் இந்த ஒரு பெட்டியில் மட்டும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பெட்டி வேண்டும். இருந்ததோ ஒன்றே ஒன்று. வேறு வழியில்லாமல் மச்சான் கிழித்துப் போட்ட உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதிலும் நாய், பூனை படங்கள் இருந்தன.

பூனையின் மேல் கீறல் இருந்தது.

"மச்சான், உறையிலயும் இருக்குடா."

"எது?" மேனேஜரைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கீறல். அதே சாய்வு."

"பாத்தீங்களா? அந்தக் கம்பெனிக்காரன் எவ்ளோ அலட்சியம்!"

எனக்கோ ஆர்வம் தலைக்கேறிவிட்டது. அட்டை ஒரு இயந்திரத்தில் ஓடும். பளபள உறை வேறு இயந்திரம். சொல்லப்போனால் வேறு ஆலை. அட்டை அடிக்கிறவன் உறை அடிக்கிறவனை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். ஒரே கீறல் எப்படி இரண்டு ஆலைக்குப் போகும்? மோதிரக்காரன் இங்கே வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்திருப்பானோ? பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த மெல்லிய தாளை உருவி விரித்தேன். சல்லடை மாதிரித் தாள், அரிசியைவிடச் சின்ன எழுத்து. அது மூன்றாவது ஆலை. அங்கேயும் நாய். அங்கேயும் பூனை. அங்கே பூனை கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. கீறலும் அதற்குத் தகுந்தபடி பெரிதாகி, தீக்குச்சித் தடிமனில், சிவப்பாக இருந்தது.

கீறல் வளருமா? நான் பார்த்த கீறல்களில் எதுவும் வளர்ந்ததில்லை. சிவப்பு மை பூசிக்கொண்டதும் இல்லை.

மோதிரக்காரன் கதையை இன்னும் கொஞ்சம் காப்பாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. முதல் தடவையாகத் தாளை நேராகத் திருப்பிப் பிடித்தேன். நாய் நின்றுகொண்டிருந்தது. பூனையை யாரோ வேண்டுமென்றே, அளவெடுத்து, அழகாகக் கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

"டேய்! ஊத்தாதடா!"

நான் கத்திய கத்தலில் மேனேஜர் துண்டுக்குள்ளேயே ஒரு முழம் எம்பியது. மச்சான் குப்பியின் நுனியை அப்போதுதான் வெட்டியிருந்தான். மருந்தில் பாதி அவன் சட்டையில், கொஞ்சம் தரையில். ஆனால் எல்லாமே வெளியே போகவில்லை. பூனையின் இரண்டு தோளுக்கும் நடுவில் முடி ஈரமாகப் பிரிந்து நின்றது.

"என்ன அத்தான் இப்படிக் கத்துறீங்க? மருந்து வீணாப் போச்சு!"

"அது கீறல் இல்லடா. பூனைக்குப் போடாதேன்னு சொல்றான். மூணு இடத்துல சொல்லியிருக்கான்."

மச்சான் தாளைப் பார்த்தான். பழக்கத்தில் முதலில் தலைகீழாகப் பிடித்தான். பிறகு நேராக்கினான். அப்புறம் கக்கத்தில் இருந்த மேனேஜரைப் பார்த்தான். அவன் முகம் அட்டை நிறத்துக்குப் போனது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நான் பெட்டியின் மடிப்பிலிருந்து ஆரம்பித்தேன். அவர் நடுவிலேயே வெட்டினார்.

"பூனை மேல பட்டுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"பட்டுச்சு."

"நக்க விடாதீங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி இருக்குல்ல, அதை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு உடனே கழுவுங்க. நல்லாத் துவட்டி, போர்த்தி, அப்படியே தூக்கிட்டு வாங்க. அந்தப் பெட்டியையும் கொண்டாங்க. உறை, தாள் எல்லாம் வேணும்."

பூனையைக் குளிப்பாட்டியவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குளிப்பாட்டாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. மேனேஜருக்கு அன்றைக்குப் பதினாறு கால்கள் இருந்தன; நான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன். குழாயைத் திறந்தால் மச்சான் நனைந்தான். மச்சானை நகர்த்தினால் நான் நனைந்தேன். பூனை மட்டும் கடைசிவரை காய்ந்தே இருந்தது போலத் தோன்றியது. அந்த நேரத்தில்தான் என் மனைவி, அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமாக, கடையிலிருந்து வந்து குளியலறை வாசலில் நின்றாள்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"குளிப்பாட்டுறோம்க்கா," என்றான் மச்சான்.

"அது தெரியுது. எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தைக் கூட்டாமல், குறைக்காமல் சொன்ன இடம் அதுதான். அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். கையை மடித்துவிட்டுக்கொண்டு மேனேஜரின் பிடரியைப் பிடித்தாள். பதினாறு கால்களும் நான்காகி அடங்கின. தோள்களுக்கு நடுவில் நுரையை வைத்துத் தேய்த்தாள், அலசினாள், மறுபடி தேய்த்தாள்.

"டேய் தம்பி, பெட்டிய எடு. நீங்க கதவப் பூட்டுங்க. வழியில ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க."

திறக்கவில்லை.

டாக்டரம்மாவின் அறை சின்னது. நடுவில் இரும்பு மேசை, மூலையில் ஒரு எடைப் பலகை, சுவரில் நாயின் குடல் எங்கெங்கே போகிறது என்று ஒரு படம். மேனேஜரின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். தோளுக்கு நடுவில் முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் கழுவியிருக்கீங்க," என்றார். பிறகு பெட்டியை வாங்கி நேராகப் பிடித்துப் படித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு மருந்துப் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்த மருந்து நாய்க்கு நல்லது. அதுவும் பெரிய நாய்க்கு. பூனை உடம்பால இத உடைச்சு வெளிய தள்ள முடியாது. நரம்புல ஏறிடும். நடுக்கம் வரும், வலிப்பு வரும், சமயத்துல போயே போயிடும். முழுசா ஊத்தியிருந்தா நீங்க இங்க கொண்டாறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் என் மனைவியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "வித்தவன் என்ன கேட்டான்? பூனைக்கா நாய்க்கானு கேட்டானா? எடை கேட்டானா, வயசு கேட்டானா?"

"வீட்டு எண்ணும் தெருவும் கேட்டான் டாக்டரம்மா," என்றான் மச்சான். "ரொம்ப மரியாதையாத்தான் கேட்டான்."

"மருந்து விக்கறவன் நாலு கேள்வி கேக்கணும். கேக்காம குடுத்தா ஓடிடணும். அவன் கடைக்கு விலாசம் இருக்கா?"

"போன்லதான் இருக்கு."

"நமக்குப் புரியற பாஷையில ஒரு வரி இருக்கா இதுல?"

"இல்ல. ஆனா அச்சு ரொம்பப் பிரமாதம் டாக்டரம்மா. போலியா இருக்க வாய்ப்பே இல்லை. நாங்க ரெண்டு பேரும் முழுசாப் பாத்தோம்."

"போலின்னு யார் சொன்னா? அசலாவே இருக்கலாம். எங்கயோ ஒரு நாட்டு நாய்க்கு அடிச்ச பெட்டி, அவ்ளோதான். உங்க பூனைக்கு இது அசலா இருந்தா என்ன, போலியா இருந்தா என்ன?" என்று அலமாரியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "பூனைக்கு இது. எடை பாத்துத்தான் அளவு. ஆனா இன்னைக்கு வேணாம். உடம்பு தேறட்டும், நானே போட்டு விடறேன். அதுவரைக்கும் சீப்பால வாருங்க."

மங்கிய வெள்ளைப் பெட்டி. அச்சு சரியாகப் பொருந்தாமல் பச்சை ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் ஓடியிருந்தது. மேலே ஒட்டிய சீட்டு கோணலாக இருந்தது. மச்சானின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"தம்பி," என்றாள் என் மனைவி.

கை திரும்பி வந்தது.

"இனி என்ன டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். முதல்ல காது துடிக்கும். அப்புறம் மீசை, தோல், கால்னு போகும். துடிக்கலைன்னா தப்பிச்சோம். துடிச்சா ஊசி இருக்கு, பயப்படாதீங்க."

சூடான போர்வையில் மேனேஜரைச் சுற்றி என் மனைவியின் மடியில் வைத்தார். நாங்கள் மூவரும் அதன் காதுகளைப் பார்த்தோம். பூனைக்கு எத்தனை அழகான காது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். உள்ளே இளஞ்சிவப்பு, ஓரத்தில் மெல்லிய முடி, வெளிச்சம் பட்டால் நரம்புகூடத் தெரிகிறது. மச்சான் மூச்சை வெளியே விடாமல் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. வெளியே ஒரு நாய் குரைத்தது. காது திரும்பியது. அது கணக்கில் சேராது என்றார் டாக்டரம்மா. என் மனைவி மெல்லிய குரலில் மேனேஜரிடம் அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு அம்மா ஒரே சட்டையை இரண்டு மகன்களுக்கும் பொருந்துகிற மாதிரி பிடித்துத் தரச் சொன்னாராம். ஒருவன் ஒல்லி, ஒருவன் குண்டு. அவள் என்ன பதில் சொன்னாள் என்ற இடத்தில் கதை நின்றது.

இடது காது துடித்தது.

நாய் குரைக்கவில்லை. கதவு சாத்தவில்லை. காது மறுபடி துடித்தது, படபடவென்று.

"டாக்டரம்மா!"

அவர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டே குனிந்தார். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அந்த விரல் தடம் ஒரு வாரம் இருந்தது. டாக்டரம்மா காதின் அடியில் முடியை விலக்கினார். இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஒருத்தர் உள்ள உக்காந்திருக்காரு," என்றார்.

நானும் பார்த்தேன். தெள்ளுப்பூச்சி. சோப்பு, வெந்நீர், என் மனைவியின் நகம் எல்லாவற்றையும் தாண்டி உயிரோடு, பளபளவென்று, காதின் மடிப்பில் உட்கார்ந்து மேனேஜரைக் கடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ முறை அந்தச் சாதியைச் சபித்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஒரு நாற்காலி போடலாமா என்று தோன்றியது.

"பூச்சியே உசிரோட இருக்குன்னா பூனை இருக்காதா?" என்றான் மச்சான். சேர்த்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்ததில் சுவரிலிருந்த நாய்க் குடல் படம் ஆடியது.

"அப்படிக் கணக்குப் போடக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."

இருந்தோம். மேனேஜர் கொட்டாவி விட்டது. போர்வையிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து நக்கப் பார்த்தது. மேசைக்குத் தாவி, டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததன் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை செய்ய ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் சிரித்தார். நீலப் பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மேலிடத்துக்குப் புகார் அனுப்ப வேண்டுமாம். மச்சான் விட்டுக்கொடுத்தான். கடைசியாக ஒருமுறை ஓரத்தை மட்டும் தடவிக்கொண்டான்.

"கூட்டிட்டுப் போங்க. ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க."

மேனேஜரைக் கூடைக்குள் வைக்கும்போது அந்தப் பூச்சி காதிலிருந்து எம்பி மச்சானின் சட்டைக்கையில் இறங்கியது. நான் அடிக்கக் கையை ஓங்கினேன்.

"விடுங்க அத்தான்," என்றான். "அது வேற யாரும் சொல்லாத நல்ல சேதி சொல்லியிருக்கு."

"மருந்து சட்டையில கொட்டிக் கெடக்குடா. அதோட கதி அவ்ளோதான்."

மச்சான் குனிந்து பார்த்தான். மருந்து கொட்டியது வலப்பக்கம். பூச்சி உட்கார்ந்திருந்தது இடக்கையில். அந்தக் கையை உடம்போடு ஒட்டாமல், விறைப்பாக, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டான். தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாம் அவன் ஏதோ வழி காட்டுகிறான் என்று நினைத்து அந்தப் பக்கமே திரும்பிப் போனார்கள். முன்னால் என் மனைவி கூடையைத் தூக்கிக்கொண்டு, ஒல்லிப் பையனுக்கும் குண்டுப் பையனுக்கும் ஒரே சட்டை கேட்ட அம்மாவிடம் தான் என்ன பதில் சொன்னாள் என்பதை மேனேஜருக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.